ஒத்திகைக்கு வந்த நோயாளி

வேலையில் சேர்ந்த இருபத்து மூன்றாம் நாள் அவளிடம் இரண்டு மெமோக்கள் இருந்தன. இரண்டாவது சீருடைதான் இன்னும் தைத்து வரவில்லை.

வார்டில் அவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். முதல் மெமோ, காலை உறுதிமொழியின்போது வரிசையை விட்டு விலகியதற்காக. தினமும் ஏழு மணிக்கு நர்ஸுகள் அனைவரும் நடைபாதையில் நின்று, நெஞ்சில் கை வைத்து ஒன்பது வரிகள் சொல்ல வேண்டும். 'நோயாளி அழைத்தால் அக்கணமே ஓடுவேன்' என்பது நான்காவது வரி. அந்த வரியில் ஒரு கிழவர் கட்டிலிலிருந்து சரிந்து கூப்பிட்டார். அவள் ஓடினாள். மீதி ஐந்து வரிகள் சொல்லப்படாமல் போனதாக மெமோ குறிப்பிட்டது. இரண்டாவது மெமோ புன்னகைத் தணிக்கையில் வந்தது. நடைபாதைக் காமிராவில் பதிவான அவள் முகத்தில் வரவேற்பு குறைவாக இருந்ததாம். அப்போது அவள் ஒருவர் எடுத்த வாந்தியைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகலாம். ஆறு மாதப் பயிற்சிக் காலத்துக்குள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அனுபவச் சான்று கிடையாது. அனுபவச் சான்று இல்லாத நர்ஸை மற்ற மருத்துவமனைகள் வாசலோடு திருப்பிவிடும் என்பதைப் பதினோரு மாதம் வாசல் வாசலாக நின்று அவள் தெரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா தினமும் காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே ஒன்றைத்தான் சொல்வாள்: "ஆறு மாசம் வாயைத் திறக்காம ஓட்டிடுடி. அதுக்கப்புறம் நீ என்ன வேணா பேசு."

இருபத்து மூன்றாம் நாள் தரச்சான்று ஆய்வு. வெளியிலிருந்து ஆய்வாளர்கள் இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் திருப்திப்பட்டால் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதிக்கப்படும். இதற்காக மூன்று மாதமாக வேலை நடந்தது. சுவரிலிருந்த விரிசல்களின்மேல் கை கழுவும் முறையைச் சொல்லும் படங்கள் ஒட்டப்பட்டன. உடைந்த சக்கர நாற்காலிகள் மொட்டை மாடிக்குப் போயின. நோயாளிகளுக்கு ஆளுக்கொரு விடைத்தாள் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஆய்வாளர் கேட்டால் தடுமாறாமல் பதில் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே தர மேலாளர் இருந்தார். இங்கே வருவதற்கு முன் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்த்தவர். நோயாளியைத் தொட்டதில்லை, தொடுவதாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆய்வுக்கு முந்தின நாள் நர்ஸுகளைக் கூட்டிப் பேசினார்.

"வெறும் கட்டம். அதுதான் நம்ம எதிரி. சார்ட்டுல ஒரு கட்டம் வெறுமையா இருந்தா, அது ஒரு நோயாளி இறந்ததுக்குச் சமம். இன்னும் சொல்லப்போனா அதைவிட மோசம். செத்துப்போனா, அதை எழுதறதுக்காவது ஒரு கட்டம் இருக்கு."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் இருபத்து நான்கு ஃபைல்களையும் மேஜையில் அடுக்கி வைத்துப் புதுசைக் கூப்பிட்டாள். ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கியிருந்த, காலில் நரம்பு சுருண்ட பெண்மணி. நல்லவள்தான்.

"பன்னிரண்டு மணிக் கட்டத்தை எல்லாருக்கும் இப்பவே போட்டுடு."

"இப்ப மணி ஒன்பதுதானே சிஸ்டர்?"

"அவங்க எப்ப வந்து திறப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? கட்டம் நிறைஞ்சிருக்கான்னுதான் பார்ப்பாங்க. மணி பார்க்க அவங்களுக்கு நேரம் ஏது?"

"ஒருவேளை பன்னிரண்டு மணிக்கு வேற மாதிரி இருந்தா?"

"வாயில நல்லதே வராதா உனக்கு? எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க. நல்லதையே எழுது."

எழுதினாள். நாடித்துடிப்பு எழுபத்தெட்டு, பிரஷர் நூற்றிருபது, எண்பது. இருபத்து நான்கு பேருக்கும் அதேதான். அன்றைய நண்பகலில் அந்த வார்டு முழுவதும் ஒரே இதயத்தால் துடிக்கப்போகிறது என்று ஏற்பாடாயிற்று. எழுதும்போது கை நடுங்கவில்லை. பிற்பாடு அவளை உறுத்தியது அதுதான்.

ஏழாம் கட்டிலில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் படுத்திருந்தார். முந்தின நாள் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நோயாளியோட உரிமை எத்தனை?"

"பத்து."

"ஆறாவது?"

"காபியா?"

"என் தலை. கண்ணியம்! எத்தனை தடவை சொல்றது?"

"பாருங்க சிஸ்டர், வயித்துல தையல் காயலை, அதுக்குள்ள பரீட்சை வைக்கிறாங்க. ஃபெயிலானா திரும்பக் கிழிப்பாங்களோ?"

பத்து மணிக்கு இப்படிச் சிரித்தவர், பதினொன்றே காலுக்குத் தண்ணீர் கேட்டார். கொடுத்ததும் மறுபடி கேட்டார். படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார். நெற்றியைத் தொட்டால் ஈரமாகச் சில்லென்றிருந்தது. நாடி நூற்றுப் பன்னிரண்டு. பிரஷர் நூறு. வயிறு காலையில் இருந்ததைவிட இறுகியிருந்தது. கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்திருக்கிறாள். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஓடினாள்.

"நூத்திப் பன்னிரண்டா?" சிஸ்டர் ஃபைலைத் திறந்தாள். "இதுல எழுபத்தெட்டுன்னு இருக்கே."

"அது நான் எழுதினது சிஸ்டர். நீங்க சொல்லி."

"சரி, இப்ப நீ நூத்திப் பன்னிரண்டுங்கறே. பன்னிரண்டு மணிக்கு எழுபத்தெட்டுங்கறே. ஆடிட்டர் வந்து எதை நம்புவார்?"

"அந்த ஆளை நம்பலாமே சிஸ்டர்."

சிஸ்டர் ஏழாம் கட்டிலைப் பார்த்தாள். முப்பது வருட அனுபவம் அவள் முகத்தில் ஒரு நொடி வந்து போனது. பிறகு வாசலைப் பார்த்தாள். "டாக்டரைக் கூப்பிடு," என்று மட்டும் சொன்னாள். குரல் இறங்கியிருந்தது.

அந்த மருத்துவமனையில் உயிருக்கு ஆபத்தென்றால் ஓர் எண்ணைச் சுழற்ற வேண்டும். உடனே ஒலிபெருக்கியில் 'நீல அழைப்பு' என்று கட்டிலின் எண்ணோடு அறிவிப்பு வரும். டாக்டரும் மருந்து வண்டியும் மூன்று நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும். அவள் சுழற்றினாள்.

"ஒத்திகைக்கு இன்னும் நேரம் இருக்கே, அதுக்குள்ள ஏன் கூப்பிடறீங்க?" என்றாள் டெலிபோன் ஆபரேட்டர்.

"ஒத்திகை இல்லைங்க, நிஜம்."

"நிஜத்துக்கு இன்னிக்கு இந்த நம்பர் கிடையாதே. சர்க்குலர் பார்க்கலையா? பதினொண்ணுலேர்ந்து பன்னிரண்டரை வரைக்கும் ஒத்திகைக்கு மட்டும்தான். நடுவுல யாராவது நிஜமா கூப்பிட்டுக் குழப்பிடக் கூடாதுன்னு."

"அப்ப நிஜமா ஆச்சுன்னா?"

"சாதா நம்பர்ல போடுங்க."

சாதா எண்ணில் ஒரு தேன் குரல், 'உங்கள் நலமே எங்கள் மூச்சு' என்றது. தயவுசெய்து காத்திருக்கச் சொன்னது. அதன் பிறகு புல்லாங்குழல்.

பன்னிரண்டு மணிக்கு, ஆய்வாளர்கள் கண்ணெதிரே, இதே வார்டில் நீல அழைப்பு ஒத்திகை நடக்கவிருந்தது. மூன்றாம் கட்டில் அதற்காகவே காலி செய்யப்பட்டு, புது விரிப்பு போட்டு, தலைமாட்டில் பூச்சாடி வைக்கப்பட்டிருந்தது. அதில் வார்டு உதவியாளர் படுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மனிதர். ஆறு வருடமாக எல்லா ஒத்திகைகளிலும் மூச்சு நின்று போகிறவர் அவர்தான். போன தடவை அவர் கண் செருகிய அழகில் ஓர் ஆய்வாளர் கைக்குட்டை எடுத்ததாகச் சொல்வார்கள்.

ட்யூட்டி டாக்டர் நடைபாதைக் கோடியில் ஓர் அறையில், மருந்து வண்டியோடும் மூன்று நர்ஸுகளோடும் அடைத்து வைக்கப்பட்டிருந்தார். அறை வாசலில் தரப் பிரிவுப் பெண் ஒருத்தி ஸ்டாப்வாட்சோடு நின்றாள்.

"உள்ளே போகலாம். ஆனா டாக்டர் வெளியே வரக் கூடாது," என்றாள் அவள். "அவர் வாசப்படி தாண்டினா வாட்ச் ஓட ஆரம்பிச்சுடும்."

டாக்டர் இளைஞர், கண்ணில் தூக்கம். புதுசு மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஃபைலை வாங்கினார். பழக்கதோஷத்தில் கடைசியாக நிரம்பிய கட்டத்துக்குப் போனார்.

"பன்னிரண்டு மணிக்கு நூத்தியிருபது இருக்கே. நல்லாத்தானே இருக்கார்?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்திரண்டு.

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். டாக்டர் ஃபைலை மூடினார். "ட்ரிப்பை முழு வேகத்துல விடு. காலை உயர்த்தி வை. ஆக்சிஜன் போடு. ஒத்திகை முடிஞ்சதும் முதல் வேலையா நான் வர்றேன்."

"ஒத்திகை எப்ப முடியும் டாக்டர்?"

"இருபது நிமிஷம். அப்புறம் கேள்வி பதில் அரை மணி." அவர் வாசலிலிருந்த பெண்ணைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இன்னும் வேலை கன்ஃபர்ம் ஆகலைம்மா."

அறுவை சிகிச்சை செய்த சர்ஜன் மாடியில், மாநாட்டு அறையில் இருந்தார். அங்கும் ஓடினாள். கதவில் கை வைத்த காவலாளி நகரவில்லை. "ஸ்லைடு ஓடுதும்மா. முடிஞ்சாத்தான் திறக்கணும்." கண்ணாடிக்கு அப்பால் சர்ஜன் திரையைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். 'நிலைமை மோசமாகும் நோயாளியை முன்கூட்டியே கண்டறிதல்: நமது மருத்துவமனையின் அனுபவம்' என்று திரையில் எழுதியிருந்தது. ஆய்வாளர்கள் தலையாட்டினார்கள். அவள் கையை வீசிப் பார்த்தாள். சர்ஜன், யாரோ வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துச் சின்னதாகப் புன்னகைத்தார்.

திரும்பி வந்தபோது பதினொன்று ஐம்பத்து நான்கு. நாடி நூற்று முப்பத்திரண்டு. பிரஷர் எண்பது, அதையும் இரண்டாம் தடவை கேட்டுத்தான் பிடிக்க முடிந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் யாரும் சொல்லாமலே அவர் காலடியில் இரண்டு தலையணைகளை வைத்து, ட்ரிப் பாட்டிலைக் கையால் பிழிந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, இவர் பேச்சு மாறுது," என்றாள் மனைவி. "மூணாவது மாடியில கதவு மூடலைங்கறார். யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்கங்கறார். ஏதாவது பண்ணுங்க."

புதுசு நிமிர்ந்தாள். எதிரே, நாலு கட்டில் தள்ளி, பூச்சாடிக்குக் கீழே அண்ணன் சாகத் தயாராகப் படுத்திருந்தார். ஆறு நிமிடத்தில் இந்த மருத்துவமனையில் இருக்கிற எல்லாமும் அந்த மூன்றாம் கட்டிலுக்கு ஓடி வரப்போகிறது. டாக்டர் வருவார். மருந்து வண்டி வரும். ரத்தப் பிரிவுக்காரர் தயாராக நிற்பார். லிஃப்ட் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். ஆபரேஷன் தியேட்டர் பளபளவென்று துடைத்துக் காலியாக இருக்கும். எல்லாம் வரும். வருகிற இடம்தான் தப்பு.

போய் அவர் தோளைத் தட்டினாள். "அண்ணே, எழுந்திருங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "பாப்பா, போயிடு. நான் மூச்சை அடக்கிப் பழகிக்கிட்டிருக்கேன்."

"ஏழுல இருக்கிறவர் போயிடுவார் போலிருக்கு அண்ணே. நிஜமாவே."

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். ஏழைப் பார்த்தார். ஆறு வருடம் பொய்யாகச் செத்தவருக்கு நிஜம் எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். எழுந்து பூச்சாடியை நகர்த்தி வைத்தார். "சக்கரத்துப் பூட்டை எடு. நீ தலைமாட்டைப் பிடி. மேனேஜர் கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

"சொல்ல என்ன இருக்கு உன்கிட்ட? ரெண்டு மெமோ வாங்கியாச்சு."

தள்ளிக்கொண்டே பேசினார்கள். மூன்றாம் கட்டில் ஏழுக்குப் போயிற்று, ஏழு மூன்றுக்கு வந்தது. அண்ணன் ஏழில் ஏறிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். இன்சார்ஜ் சிஸ்டர் ட்ரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தாள். அவள் எதுவும் பார்க்கவில்லை என்பதைத் தெரியப்படுத்தும் விதமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"நான் இங்க நிக்கலாமா?" என்றாள் மனைவி.

"நில்லுங்கக்கா. இங்கேயே நில்லுங்க."

பன்னிரண்டு மணி. 'நீல அழைப்பு. மூன்றாம் கட்டில். நீல அழைப்பு.' காலடிச் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் முப்பத்தெட்டு நொடியில் டாக்டரும் வண்டியும் கட்டிலருகே நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தர மேலாளர், ஆய்வாளர்கள் இருவர், ஸ்டாப்வாட்ச்.

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்து, "நோயாளியின் விவரம் சொல்லுங்கள்," என்று ஒப்பித்தபடியே மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. அந்த ஈரக் குளிர்ச்சியை எந்த நடிகனாலும் கொண்டுவர முடியாது. தலையை உயர்த்திப் புதுசைப் பார்த்தார்.

அவள் சொன்னாள்: "பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சு இருபத்திரண்டு மணி நேரம் ஆச்சு டாக்டர். நாடி நூத்தி முப்பத்தாறு. பிரஷர் எழுபத்தாறு. வயிறு இறுகிக்கிடக்கு."

டாக்டர் தாளைச் சட்டைப்பையில் செருகினார். "ரத்தம் நாலு பாட்டில். சர்ஜனைக் கூப்பிடுங்க. தியேட்டருக்குச் சொல்லுங்க."

தர மேலாளர் அவர் காதருகே குனிந்தார். "டாக்டர், ஸ்க்ரிப்டுல சர்ஜன் இல்லை. நாலாவது நிமிஷத்துல பேஷன்ட் கண்ணைத் திறந்து நன்றி சொல்லணும்."

"இவர் சொல்ல மாட்டார் சார்."

மேலாளர் கட்டிலில் இருந்த முகத்தைப் பார்த்தார். அது அண்ணன் முகமில்லை என்பது அவருக்குப் புரிய மூன்று நொடி பிடித்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் மூத்த ஆய்வாளர் பரவசத்தோடு எழுதிக்கொண்டிருந்தார். "குடும்பத்தாரைக்கூடப் பக்கத்துல நிறுத்தியிருக்கீங்க. அந்தம்மா அழறது ரொம்ப இயல்பா இருக்கு. தியேட்டர் வரைக்கும் கொண்டுபோவீங்களா?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். "கொண்டுபோவோம் சார். நாங்க எதையும் பாதியில விடறதில்லை."

வழக்கமாக இரண்டு மணி நேரம் ஆகும் ரத்தம் ஒன்பது நிமிடத்தில் வந்தது. லிஃப்ட் வாயைத் திறந்து காத்திருந்தது. சர்ஜன் மாநாட்டு அறையிலிருந்து படியிறங்கி ஓடி வந்தார். அந்த இருபது நிமிடமும் அந்த மருத்துவமனை அதன் சுவரொட்டிகளில் இருந்தபடியே இருந்தது. ஆய்வாளர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர், முகமூடியோடு ஒரு பெண்மணி, ஃபைலைத் திறந்தார். திறந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"பன்னிரண்டு மணிக்கு நூத்தியிருபதா? இப்ப பன்னிரண்டு இருபது. இருபது நிமிஷத்துல இவ்வளவு விழுந்துதா? இல்லே முன்னாடியேவா? சீக்கிரம் சொல்லு. இதை வச்சுத்தான் நான் மருந்து போடணும்."

எல்லோரும் புதுசைப் பார்த்தார்கள். ஆய்வாளர்களும்.

"பதினொண்ணே காலுக்கே நூறு மேடம். பன்னிரண்டுக்கு எழுபத்தாறு. ஃபைல்ல இருக்கிறது நான் ஒன்பது மணிக்கே எழுதி வச்சது. பார்க்காம."

மயக்க டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். திட்ட நேரமில்லை. கதவு மூடிக்கொண்டது. சுவரில் ஃபைலை வைத்து, பன்னிரண்டு மணிக் கட்டத்தின்மேல் ஒற்றைக் கோடு இழுத்தாள் அவள். தப்பான பதிவை அப்படித்தான் அடிக்க வேண்டும், கீழே இருப்பது தெரியும்படி. பக்கத்தில் உண்மையான எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

மூத்த ஆய்வாளர் தர மேலாளரிடம் மெதுவாகச் சொன்னார்: "தவறு ஒப்புக்கொள்ளும் பண்பாட்டையும் ஒத்திகையில சேர்த்திருக்கீங்க. இதுவரைக்கும் எங்கேயும் பார்த்ததில்லை."

உள்ளே, முந்தின நாள் ரத்தக் குழாயில் போட்ட கிளிப் ஒன்று நழுவியிருந்தது. கட்டினார்கள். ஒன்றே முக்கால் லிட்டர் ரத்தம் வயிற்றுக்குள் தேங்கியிருந்தது. வெளியே வந்த சர்ஜன் புதுசிடம், "பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கணும். மறுபடி கசிஞ்சா இன்னொரு தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது," என்றார். ஆய்வாளர்களின் மதிய விருந்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை. நடுவில் நிர்வாகி. ஒரு பக்கம் தர மேலாளர், மறுபக்கம் நர்ஸிங் கண்காணிப்பாளர் அம்மாள். மேஜைமேல் மெக்கானிக்கின் ஃபைல்.

"முதல்ல பாராட்டு," என்றார் நிர்வாகி. "நீல அழைப்புக்கு நூத்துக்கு நூறு. அறிக்கையில் என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'தத்ரூபம்.' தகடு வந்த மாதிரிதான்."

"நன்றி சார்."

"இப்ப ஒரு சின்ன சிக்கல். நடந்தது ஒத்திகையா, நிஜமா?"

"நிஜம் சார்."

தர மேலாளர் பொறுமையாக விளக்கினார். "இதைக் கொஞ்சம் அறிவியல்பூர்வமா பாரும்மா. நிஜம்னா, ஒத்திகை நடக்கலை. ஒத்திகை நடக்கலைன்னா நூறு மார்க் எதுக்கு வந்துது? ஆகவே நடந்தது ஒத்திகை. ஒத்திகைன்னா நோயாளிக்கு ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லைங்கறதுக்கு ஆதாரம் நீயே காலையில எழுதி வச்சிருக்கே. அந்தக் கோடு போட்ட பக்கத்தை மட்டும் புதுசா எழுதிடலாம்."

"அப்ப ரெண்டாவது தடவை வயித்தைத் திறந்தது எதுக்குன்னு எழுதுவீங்க சார்?"

"ஒத்திகையின் நீட்சி," என்றார் அவர். இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

"அவர் இப்ப எங்க இருக்கார் சார்? ஐசியூவுலயா?"

கண்காணிப்பாளர் அம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ஒத்திகை நோயாளிக்கு ஐசியூ ஒதுக்க விதியில்லை. வார்டுக்குத்தான் அனுப்பியிருக்கோம். பழைய கட்டிலுக்கே."

"பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கணும்னு சர்ஜன் சொன்னார் மேடம். ஃபைலைப் படிச்சா யாரும் பார்க்க மாட்டாங்க. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் போவாங்க."

"ஃபைல் அப்படிச் சொன்னா அதுதான் சரி," என்றாள் அம்மாள். "ஃபைலை மீறி நோயாளியைப் பார்க்க ஆரம்பிச்சா, அப்புறம் ஒவ்வொரு நர்ஸும் ஒவ்வொரு மாதிரி பார்ப்பா. ஒழுங்கு என்ன ஆகறது?"

நிர்வாகி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் கட்டிலில் நடந்தது முழுமையான ஒத்திகையே என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போடு. இன்னிக்கே உன்னை நிரந்தரமாக்கறோம். இருபத்து மூணு நாள்ல இங்க யாரும் நிரந்தரமானதில்லை."

அம்மாவின் முகம் அவள் கண்முன் வந்தது. டிபன் டப்பாவை மூடும் கை. பேனாவைக் கையில் எடுத்தாள்.

"போடலைன்னா என்ன சார் ஆகும்?"

நிர்வாகிக்குச் சற்று வருத்தம். ஆனாலும் விதிகளைச் சொல்வது அவருக்குப் பிடித்த காரியம். "மூணாவது மெமோ. சாதாரண மெமோ இல்லை, சிவப்பு. முன்கூட்டி எழுதினது, கட்டில் மாத்தினது ரெண்டுக்கும். நீ உன் கைப்பட விளக்கம் எழுதணும், நேரம் உட்பட. நோயாளி சம்பந்தப்பட்டதனால அந்த விளக்கம் அவர் ஃபைல்ல முதல் பக்கமா வரும். சிவப்பு அட்டையோட. அடுத்த ஆய்வு வரைக்கும் யாரும், நானே நினைச்சாலும், அதைக் கழட்ட முடியாது. ஒவ்வொரு ஷிஃப்டு நர்ஸும் அதைப் படிச்சு, படிச்சேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நோயாளிகிட்டயே போகணும்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எவ்வளவு அவமானம்னு யோசிச்சுப் பாரு. எல்லாரும் படிப்பாங்க."

"எல்லாரும் கட்டாயம் படிக்கணுமா சார்?"

"கட்டாயம்."

"இன்னிக்கு சாயங்கால ஷிஃப்டும்?"

"இனி வர்ற எல்லா ஷிஃப்டும்."

புதுசு பேனாவை மேஜையில் வைத்தாள். "எனக்கு மெமோவே குடுத்துடுங்க சார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் யாரும் மெமோவைக் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று விதியில் எங்கும் சொல்லவில்லை. தர மேலாளர் தேடிப் பார்த்தார். இல்லை.

இரண்டு பக்கம் எழுதினாள். பதினொன்றே காலிலிருந்து ஒவ்வோர் எண்ணையும் எழுதினாள். ஒன்பது மணிக்குத் தான் என்ன செய்தாள் என்பதையும், யார் சொன்னார்கள் என்பதைத் தவிர, எழுதினாள். கிளிப் நழுவியதை எழுதினாள். சர்ஜன் சொன்ன பதினைந்து நிமிடத்தை எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டாள். சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கும் பிரிவு ஐந்து மணிக்கு மூடிவிடும் என்றார்கள். அங்கே போய்ப் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அனுபவச் சான்று என்ற கட்டத்தில் குமாஸ்தா கவனமாக ஒரு சின்னக் கோடு இழுத்தார், அது வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக.

பையை எடுக்க வார்டுக்கு வந்தபோது மெக்கானிக் ஏழாம் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தார். மனைவி அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலதானே வந்தீங்க, இன்னும் போகலையா?" என்றாள்.

"கிளம்பிட்டேன்கா."

சாயங்கால ஷிஃப்டு நர்ஸ் மேஜையருகே நின்றுகொண்டே சிவப்பு அட்டையைத் திறந்தாள். நேரமாகிவிட்ட எரிச்சலில் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் திறந்தாள். முதல் வரியைப் படித்தாள். உட்கார்ந்தாள். இரண்டாம் பக்கத்தில் அடிக்கோடிட்ட இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஏழாம் கட்டிலுக்கு நடந்தாள்.

மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பாதி எண்ணி இரண்டால் பெருக்குவதுதான் அந்த வார்டின் வழக்கம். அரை நிமிடம் முடிந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. மனைவியும் மூச்சு விடாமல் கடிகாரத்தைப் பார்த்தாள். தோளில் பையோடு புதுசும் பார்த்தாள். இருபத்து மூன்று நாளில் வேலை எதுவுமில்லாமல் அவள் நின்ற முதல் நிமிடம் அதுதான். அந்த விநாடி முள் ஊர்ந்த மாதிரி வேறெதுவும் ஊர்ந்ததில்லை.

"தொண்ணூத்தாறு," என்றாள் நர்ஸ்.

பிறகு பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.